டிசம்பர் ஒன்று: எழுதாமல் விட்ட மூன்றாவது வரி

காமாட்சியம்மன் கோயில் பக்கம் திரும்புகிற முனையில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுப் பலகையில் கதிர்வேல் இரண்டு வரி எழுதி முடித்துவிட்டு மூன்றாவது வரிக்கு வந்து நின்றுவிட்டார். சாக்பீஸ் கையில் இருக்கிறது. எழுத வேண்டியது என்ன என்று ஸ்டாண்டில் இருக்கிற எல்லா டிரைவருக்கும் தெரியும். கை மட்டும் எழவில்லை.

அந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சங்கத்துக்காரர்கள் கூட்டம் அறிவிப்பதற்காக வைத்த பலகை அது. கூட்டம் என்ன தினமுமா நடக்கிறது? சும்மா கிடக்கிறதே என்று கதிர்வேல் காலையில் 'இந்த நாளில்' என்று தலைப்புப் போட்டு மூன்று வரி எழுத ஆரம்பித்தார். ஒரு நிகழ்வு, ஒரு பிறப்பு, ஒரு இறப்பு. முன்பு பேப்பரைப் பார்த்து எழுதுவார், இப்போது போனைப் பார்த்து எழுதுகிறார். பட்டுச்சேலை எடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் கூட நின்று படித்துவிட்டுப் போவார்கள். தறியை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு வந்த மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

தலைவர்களும் விஞ்ஞானிகளும் மட்டுமே ஏறுகிற அந்தப் பலகையில் ஊர்க்காரன் ஒருவன் பெயரும் வருஷத்துக்கு ஒரு நாள் ஏறும். டிசம்பர் ஒன்றாம் தேதி. 'இறப்பு: 2005, நெசவாளர் லோகேஸ்வரன்.' அவ்வளவுதான் இருக்கும். எப்படிச் செத்தான், யாரால் செத்தான் என்பதெல்லாம் இருக்காது. கதிர்வேலுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்தவன், கூடப் பிறந்தவன் மாதிரி. அந்த ஒரு வரியையாவது எழுதுவோம் என்று எழுதி வந்தார்.

இன்றைக்கு டிசம்பர் ஒன்று. நாகாலாந்து தனி மாநிலமானதை எழுதியாகிவிட்டது. காகா காலேல்கர் பிறந்ததையும் எழுதியாகிவிட்டது.

"இன்னா மாமு, சாக்பீஸ் தீந்துபோச்சா?" என்று ஆட்டோவுக்குள்ளிருந்தே கேட்டான் சுபியான். கதிர்வேலுக்கு அடுத்து ஸ்டாண்டில் மூத்தவன் அவன். கிண்டல் செய்கிற குரல்தான், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சும்மா இரு பாய்."

"நான் சும்மாத்தான் இருக்கேன். ஊரு சும்மா இருக்குமா? இன்னிக்கு உன் வூட்டுக்கு யாரு வராங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

அதுதான் சங்கடம். ராகுகாலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் கதிர்வேல் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வருகிறார்கள். மகள் கலைவாணிக்கும் குமரனுக்கும் காலேஜில் படிக்கும்போதே பழக்கம். குமரன் தங்கமான பையன், குறை சொல்ல வாய் வராது. குறையெல்லாம் அவனுடைய அப்பா தினகரனிடம். லோகேஸ்வரன் பிணமாகக் கிடந்தது தினகரனின் பட்டுக்கடைப் பின்கட்டில், கிடங்குக்கு இறங்குகிற படிகளுக்குக் கீழே.

ஊர் அப்போது கன்னாபின்னாவென்று பேசியது. ஆனால் தினகரன் அமாவாசைக்கு முதல் நாளே ஜரிகை வாங்க சூரத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். கடை பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் பேய்மழை வேறு. பின்பக்கமாக உள்ளே வந்தவன் படி வழுக்கி விழுந்துவிட்டான் என்று கேஸை மூடினார்கள். கதிர்வேல் இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியதே அந்த ஒரு பேச்சை நம்பித்தான். தினகரன் அன்றைக்கு ஊரில் இல்லை. ஊரில் இல்லாத மனுஷன் மேல் பழி போட்டுப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பதா என்று தனக்குத் தானே பல ராத்திரி சொல்லிச் சொல்லி மனதைச் சரிசெய்துகொண்டார்.

நல்ல நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்தது மாப்பிள்ளை வீடு. கார்த்திகை சோமவாரம், ஏகாதசி, பிரமாதமான நாள் என்றார்கள். இங்கிலீஷ் தேதியை யாரும் பார்க்கவில்லை. கதிர்வேலுக்கே முந்தாநாள்தான் உறைத்தது. நேற்றுச் சாயங்காலம் கலைவாணி போனைப் பார்த்துக்கொண்டே, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, நாளைக்கு போர்டுல அது வேணாம்பா. இந்த ஒரு வருஷம் மட்டும்" என்றாள். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அப்படிக் கெஞ்சி அவர் பார்த்ததே இல்லை.

தூறல் விழுந்தது. கதிர்வேல் சடசடவென்று மூன்றாவது வரியை எழுதினார். 'இறப்பு: 1990, விஜயலட்சுமி பண்டிட்.' சாக்பீஸைப் பலகைக்கு மேல் வைத்துவிட்டு, சுபியானைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் கேசரி வாசனை. கலைவாணி அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு, "என்னப்பா, எழுதிட்டியா?" என்றாள். "எழுதிட்டேன், அது இல்ல" என்றார். அவள் அவர் வேட்டியின் கரையைச் சரியாக இழுத்துவிட்டாள். பிள்ளையின் சந்தோஷத்துக்காக ஒரு வரி போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் அவருக்கு நிஜமாகவே தோன்றியது.

அப்போதுதான் சுபியானின் போன் வந்தது.

"மாமு, தில்லையம்மா வந்து நின்னுக்கினு இருக்குது. போர்டையே பாக்குது. பேசமாட்டேங்குது. மாப்ள வூட்டு வண்டி இந்தப் பக்கமாத்தான் வரணும், நீயே வந்துடு."

தில்லையம்மாள் லோகேஸ்வரனின் மனைவி. வருஷா வருஷம் இந்தத் தேதிக்கு ஒரு முழம் பூ கொண்டுவந்து பலகையின் ஆணியில் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். திதி கொடுப்பது தனி, அது கார்த்திகை அமாவாசைக்கு சர்வதீர்த்தக் குளக்கரையில் மகன் கொடுப்பான். ஆனால் அவள் புருஷன் பெயரை ஊர் பார்க்க எழுதிவைக்கிற இடம் இது ஒன்றுதான்.

அவளுக்கு அந்தத் தேதியே ஒரு சூடு. லோகேஸ்வரன் செத்தபோது அவள் பிரசவத்துக்காகத் தாமலில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தறியில் இருக்கிற சேலையை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பியவன் வரவில்லை. சனிக்கிழமை பிணமாகக் கண்டெடுத்தார்கள். எந்த நாளில் செத்தான்? கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. தெருவே கூடி நின்று கணக்குப் போட்டது. தறி ஓடுகிற நாளில் நெய்கிறவன் தறியை விட்டு எழுந்து போவானா? மாட்டான். அமாவாசை அன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. அப்படியென்றால் வியாழக்கிழமை அமாவாசை அன்றுதான் போயிருக்கிறான். லீவு நாளில் போனவன் வேறெங்கே போவான்? குடிக்கத்தான். தறியில் இருந்த சேலையையும் காணோம். அதை விற்றுக் குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று பேசி முடித்தார்கள். நெசவுத் தெருவைத் தவிர வேறு எந்தத் தெருவுக்கும் இந்தக் கணக்கு வந்திருக்காது. பிறந்த பிள்ளையைப் பார்க்க வராமல் குடிக்கப் போனவனின் பெண்டாட்டி என்ற பேச்சோடு தில்லையம்மாள் இருபது வருஷம் அதே தெருவில் குடித்தனம் நடத்திவிட்டாள்.

கதிர்வேல் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார். தில்லையம்மாள் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவரை எடுத்துட்டியாண்ணா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை. பஸ் போய்விட்டதா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

கதிர்வேல் கோயில் பக்கம் பார்த்தார். வண்டி எதுவும் இன்னும் வரவில்லை. எப்படியாவது இவளை அனுப்பிவிட்டால் போதும்.

"எடுக்கலம்மா. தேதி தப்பா எழுதிக்கினு இருந்தேன். இப்பதான் பாத்தேன். இன்னிக்கு இல்ல, நாளைக்குத்தான் அது."

பொய் எப்படி அவ்வளவு வாகாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். ஒரு நாள் தள்ளிப்போட்டால் நாளைக்கு எழுதிவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"அமாவாசை ஒண்ணாந்தேதிதானேண்ணா அந்த வருஷம்?"

"ஆமா."

"அப்புறம் எப்படி நாளைக்கு? அவரு போனது அமாவாசை அன்னிக்குத்தானே? நீங்கள்லாம்தானே சொன்னீங்க?"

சுபியான் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குள் வேன் ஒன்று அவர்களைக் கடந்து கதிர்வேல் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது. ஜன்னலோரம் தட்டுகளும் பட்டுச்சேலைகளும் தெரிந்தன. குமரன் உள்ளிருந்தே கும்பிட்டான். பின்னால் வந்த கார் நின்றது. தினகரன் இறங்கினார்.

வருஷா வருஷம் இந்தத் தேதியில் கார்க்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த முனையைக் கடக்கிற மனுஷர். இன்றைக்குப் பலகையைப் படித்தார், மூன்று வரியையும் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சம்மந்தி, உங்க நல்ல மனசை நான் மறக்கமாட்டேன்" என்று கதிர்வேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் பக்கத்தில் நிற்கிற தில்லையம்மாளைப் பார்த்தார். பிடி தளர்ந்தது.

"நீங்களே சொல்லுங்க முதலாளி," என்றாள் அவள். "இன்னிக்கு இல்ல, நாளைக்குத்தான் என் வூட்டுக்காரரு போன தேதின்றாரு அண்ணன். எனக்கு ஒண்ணும் வெளங்கல."

தினகரன் கதிர்வேலைப் பார்த்தார். கதிர்வேல் தரையைப் பார்த்தார். சம்பந்தி நமக்காகத்தான் ஒரு பேச்சு சொல்லியிருக்கிறார், கூட நின்று கைகொடுக்க வேண்டியது நம் கடமை என்று தினகரன் நினைத்திருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக இந்த அம்மாளை நல்லபடியாக அனுப்பி வைக்கிற அவசரமும் இருந்தது.

"அவரு சொல்றது கரெக்ட்தாம்மா. அது ரெண்டாந்தேதி, வெள்ளிக்கிழமை. அமாவாசை அன்னிக்கு நம்ம கடையே திறக்கலையே. ராத்திரி பூரா அந்த மழையில கடை வாசல்லயே உக்காந்துக்கினு இருந்திருக்கான், சேலைப் பையை மடியில வெச்சுக்கினு. காலையிலதான்..."

அங்கே நின்றுவிட்டார்.

சுபியான் எதற்கென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த தன் எஞ்சினை நிறுத்தினான்.

"எந்தப் பை?" என்றாள் தில்லையம்மாள்.

"யாரோ சொன்னாங்கம்மா. கடைப் பையன் சொன்னான்."

"கடை பூட்டியிருந்துச்சு, சனிக்கிழமைதான் திறந்தாங்கன்னு சொன்னாங்களே. அந்தச் சேலையை அவரு வித்துட்டாருன்னு சொன்னாங்களே."

தினகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் ஆகுது சம்மந்தி, வூட்ல காத்துக்கினு இருப்பாங்க. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று காரின் கதவுப் பக்கம் திரும்பினார்.

இந்த இடத்தில் கதிர்வேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆமாம் சம்மந்தி, வாங்க என்று அவரும் காரில் ஏறியிருந்தால், தட்டு மாற்றியிருப்பார்கள், கேசரி சாப்பிட்டிருப்பார்கள், தை மாதம் கல்யாணமும் நடந்திருக்கும். தில்லையம்மாளுக்காக எதிர்த்துக் கேட்க ஊரில் யார் இருக்கிறார்கள்? கலைவாணி வேட்டிக் கரையை இழுத்துவிட்டது அவர் கண் முன்னால் வந்து நின்றது. அவர் பயந்தார், நிஜமாகவே பயந்தார். ஆனாலும் கால் தானாகப் போய்க் காரின் கதவுக்கும் தினகரனுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"நீங்க சூரத்ல இருந்தீங்களே," என்றார்.

"சம்மந்தி..."

"நீங்க ஊர்ல இல்லன்ற ஒரே வார்த்தையை நம்பித்தான் நான் பொண்ணைக் குடுக்க ஒத்துக்கினேன். பை மடியில இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லிட்டு ஏறுங்க."

"இத்தனை பேரு முன்னாடி எதுக்கு?"

"சொல்லுங்க."

ஒன்பது மணி தாண்டிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் குடையோடு நின்று பார்த்தார்கள். தினகரன் ஈரமான காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். பெரிய கடைக்காரர், நாலு பேருக்குத் தீர்ப்புச் சொல்கிறவர். அப்புறம் அவர் பேசியது கதிர்வேலிடமும் இல்லை, தில்லையம்மாளிடமும் இல்லை. காரின் கூரையிடம் பேசினார்.

"கல்யாணச் சேலை அது. அமாவாசைக்கே முடிச்சு எடுத்துக்கினு வந்துட்டான். கடை பூட்டியிருந்துச்சு. பட்டை வெச்சுக்கினு எங்கேயும் போக முடியாதுன்னு வாசல்லயே ராத்திரி பூரா இருந்துட்டான். நான் சூரத்துக்கு வெள்ளிக்கிழமைதான் கெளம்பினேன். காலையில வந்து பாத்தா முந்தானை ஓரம் மழையில நனைஞ்சிருந்துச்சு. கட்டிக்கப் போற சேலை, கறை விழுந்தா யாரு வாங்குவாங்க? எனக்குக் கோவம். கிடங்குல கொண்டுபோய்க் காய வெய்யின்னேன். அவன், சேலையை வாங்கிக்கினு என்னை விடுங்க முதலாளி, தாமலுக்கு பஸ் பிடிக்கணும், பிள்ளையை இன்னும் பாக்கலன்னான். எதுத்துப் பேசறான்னு ஒரு தள்ளு தள்ளினேன். ஒரே தள்ளு. படி ஈரமா இருந்துச்சு."

"அப்பவே போய்ட்டாரா?" என்றாள் தில்லையம்மாள்.

"நான் எறங்கிப் பாக்கலம்மா. சேலையை எடுத்துக்கினு பூட்டிட்டுப் போய்ட்டேன்."

யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். தில்லையம்மாள் அழவில்லை. அவள் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பக்கத்தில் போய், தினகரனின் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா."

"வாசனை?"

"எதுவும் இல்ல. ராத்திரி பூரா பட்டினி கெடந்திருக்கான். ஒரு டீக்குக் கூட எழுந்து போகல."

தில்லையம்மாள் பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள். "பிள்ளையைப் பாக்கத்தான் கெளம்பியிருக்காரு," என்று சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். சுபியான் ஆட்டோவை விட்டு இறங்கி, "உக்காரும்மா" என்று தன் சீட்டைத் துடைத்துக் கொடுத்தான். அவள் உட்கார்ந்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

கதிர்வேலின் சட்டைப்பையில் போன் அடித்தது. கலைவாணி.

"அப்பா, எங்க இருக்க? எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. குமரன் அப்பாவையும் காணோம், உன்னையும் காணோம்னு இங்க ஒரே கிண்டல். ரெண்டு பேரும் சேந்து டீக்கடைக்குப் போய்ட்டீங்களான்னு கேக்கறாங்க." பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது, எவர்சில்வர் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். போனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வராது என்றும் தெரிந்தது.

"கலை, கேளும்மா. தட்டு மாத்த வேணாம்."

"என்னப்பா?"

"அவரு அன்னிக்கு ஊர்லதான் இருந்தாராம். சூரத்துக்கு அப்புறம்தான் போயிருக்காரு. லோகேஸ்வரனைப் படியில தள்ளினது அவருதான். இப்ப அவரே தன் வாயால தில்லைகிட்ட சொன்னாரு. விழுந்தவனை எறங்கிக்கூடப் பாக்காம பூட்டிட்டுப் போயிருக்காரும்மா. அந்தக் கையிலேர்ந்து நான் எப்படி தட்டை வாங்குவேன்? எனக்கு உன்னை நெனச்சா நெஞ்சு அடைக்குது. ஆனா முடியாதும்மா, என்னால முடியாது."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. கொஞ்சம் முன்னால் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்புச் சத்தமும் இப்போது இல்லை. வீடு முழுக்க ஆள் இருக்கிற இடத்தில் எதற்கு இவ்வளவு அமைதி என்று அவருக்குப் புரியவில்லை.

"அப்பா," என்றாள் கலைவாணி. "எல்லாரும் உன் குரலைக் கேக்கணும்னு சொன்னாங்கப்பா. போன் ஸ்பீக்கர்ல இருக்குது."

மறுமுனையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு ஆண் குரல் வந்தது, குமரனின் குரல்.

"மாமா, அப்பாகிட்ட குடுங்க."

கதிர்வேல் போனைத் தினகரன் பக்கம் நீட்டினார். தினகரன் அதைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி நகர்ந்தார். போனுக்குள்ளிருந்து பையன் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.